விதைச் சீட்டும் வரைபடச் சீட்டும்

(பண்ணை வானொலிப் பேச்சு)



விதை மூட்டையில் கட்டியிருக்கிற சீட்டை எல்லாரும் பார்த்திருப்பீங்க. வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம். நாடு முழுக்க ஒரே முறை. ஆளுக்கொரு நிறத்தில் சீட்டுக் கட்டினால், மூட்டையைப் பார்த்து என்ன விதை என்று சொல்ல முடியுமா? முடியாதுங்க. இணைய வரைபடத்திலும் இதே சங்கதிதான்.

ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்று ஒரு வரைபடம் இருக்கிறது. 2004-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கியது. கணக்குத் தொடங்கிய எவரும் தங்கள் ஊர் ரோடு, குளம், கட்டடம் எல்லாவற்றையும் அதில் சேர்க்கலாம். சேர்க்கும்போது, அது என்ன இடம் என்று ஒரு சீட்டு எழுத வேண்டும்.

அரசு ஆராய்ச்சி நிலையம் என்று வரும்போதுதான் குழப்பம். ஒருத்தர் 'ஆபீஸ்: ரிசர்ச்' என்று எழுதுவார். இன்னொருத்தர் 'ஆபீஸ்: கவர்ன்மென்ட்' என்பார். மூன்றாமவர் 'அமினிட்டி: ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்' என்பார். படிக்கிற நமக்கு மூன்றும் புரியும். கம்ப்யூட்டருக்குப் புரியாது, அது எழுத்தைத்தான் பார்க்கும். ஒன்றைக் கேட்டுத் தேடினால் மற்ற இரண்டும் வராது.

இதனால் நமக்கென்ன நஷ்டம் என்று கேட்கலாம். குறுவைப் பயிரில் இலை கருகுது, பக்கத்து நெல் ஆராய்ச்சி நிலையத்தைத் தேடுறீங்க. பத்து மைலில் இருக்கிற நிலையம் கண்ணில் படாமல், ஏதோ ஓர் அலுவலக வாசலில் போய் நின்றால் ஒரு நாள் போச்சு. நோய் காத்திருக்குமா?

எப்படி எழுதலாம்?

ஒன்று: முதலில் செய்கிற வேலையைப் பாருங்க. ஆராய்ச்சிதான் முக்கிய வேலை என்றால், அதற்கென்றே இருக்கிற 'ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்' சீட்டைப் போடுங்க.

இரண்டு: நடத்துகிறவர் யார் என்பதைத் தனிச் சீட்டில் எழுதுங்க. 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தை நடத்துவது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். 1912-இல் தொடங்கிய கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையம், மத்திய அரசு சார்ந்த இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தது. வேலை ஒன்று, நடத்துகிறவர் வேறு.

மூன்று: எல்லாவற்றையும் ஆராய்ச்சியில் சேர்க்காதீங்க. வேளாண்மை விரிவாக்க மையம் ஓர் அரசு அலுவலகம். வேளாண் அறிவியல் நிலையம், 1974-இல் புதுச்சேரியில் முதலில் வந்தது. விவசாயிக்குப் பயிற்சி கொடுப்பதும், புது முறைகளை அவர் வயலிலேயே சோதித்துக் காட்டுவதும் அதன் வேலை.

நான்கு: ஒரு நிலையத்துக்கு ஒரே தடவைதான் சீட்டு. வளாகத்துக்கு எழுதிவிட்டு, உள்ளே இருக்கிற ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதையே எழுதினால், ஒரு நிலையம் பத்தாகத் தெரியும்.

ஐந்து: வாசல் பலகையில் உள்ளபடி பெயரை எழுதுங்க. தமிழ்ப் பெயருக்கும் தனி இடம் உண்டு, அதை விட்டுவிடாதீங்க.

இன்னொன்றும் சொல்லணும். மற்றவர் எழுதியது தப்பென்று பட்டால், மொத்தமாக மாற்றிவிடக் கூடாது. எழுதியவரைக் கேட்டு, பேசி, ஒத்துக்கொண்ட பிறகு மாற்றுவதே முறை. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற நமக்கு இது புதுசில்லை.

உங்க வீட்டுப் பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கு. அடுத்த தடவை ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும்போது, அவர்களையும் கூட்டிப் போய் இந்தச் சீட்டைச் சரிபார்க்கச் சொல்லுங்க.