பாவு யாருடையது, காயின் யாருடையது?

வெண்ணந்தூர்ல தறி வெச்சிருக்கிறவங்க பலர் கூலிக்கு நெய்யறவங்க. தறி அவங்களுடையது, நூல் ஜவுளிக்காரர் கொடுத்தது. தறிக்காரர் கடன்ல மூழ்கிட்டா பேங்க் தறியை ஜப்தி செய்யலாம். தறியில ஏறியிருக்கும் பாவு அவர் சொத்தே இல்லை, ஜவுளிக்காரர் எடுத்துக்கிட்டுப் போகலாம். அதே ஜவுளிக்காரர் நூலுக்குப் பதில் பணமா முன்கூட்டிக் கொடுத்திருந்தா? கடன் கொடுத்த மத்தவங்களோட அவரும் வரிசையில நிக்கணும்.

கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் ஒண்ணு கவிழும்போது கோர்ட் கேட்கிறதும் இதைத்தான்: வாடிக்கையாளர் போட்டு வெச்சது பாவா, பணமா?

2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் தளத்தில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள காயின்கள் திருடு போயின. போனது எத்தீரியம் சார்ந்த ஈ.ஆர்.சி.-20 வகை. ஆனால் சிங்கப்பூரில் போட்ட திட்டப்படி நஷ்டத்தை எல்லா வாடிக்கையாளர்களும் பங்கு போட்டுக்கணும். 3,532.30 எக்ஸ்.ஆர்.பி. காயின் வைத்திருந்த ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். "திருடு போனது என் வகையே இல்லையே" என்பது வாதம். 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோ ஒரு சொத்து, அதை இன்னொருவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்க முடியும் என்றார். நடுவர் மன்றம் முடிவு செய்யும்வரை 9.56 லட்சம் ரூபாய்க்கு வங்கி உத்தரவாதம் தரவோ, அந்தத் தொகையை எஸ்க்ரோ கணக்கில் போடவோ உத்தரவிட்டார். இது இடைக்காலப் பாதுகாப்புதான், இறுதித் தீர்ப்பு இல்லை.

இந்த உத்தரவில் நியூசிலாந்தின் கிரிப்டோபியா வழக்கும் பேசப்படுகிறது. 2020-ல் அங்கே ஒவ்வொரு வகைக் காயினுக்கும் தனித்தனி டிரஸ்ட் உண்டு என்று சொன்னார்கள். என் கணக்கில் முக்கியமான வரி அதுதான். ஒரு வகையில் விழுந்த ஓட்டையை இன்னொரு வகையை எடுத்து அடைக்க முடியாது.

சொத்து, டிரஸ்ட் என்பதெல்லாம் ஏன் பெரிசு? நம்ம திவால் சட்டத்தின் (2016) 53-ஆம் பிரிவு யாருக்கு முதல்ல பணம், யாருக்குக் கடைசி என்று வரிசை போடுகிறது. அடமானம் இல்லாதவர் அதில் ரொம்பக் கீழே. ஆனால் 36(4) பிரிவுப்படி பிறருக்காக டிரஸ்டில் வைத்திருக்கும் சொத்து அந்தக் குவியலுக்குள்ளேயே வராது. வரிசையே தேவையில்லை.

எல்லா ஊரிலும் இப்படி முடியவில்லை. அமெரிக்காவில் செல்சியஸ் திவாலானபோது, 2023 ஜனவரியில் கோர்ட் பயன்பாட்டு ஒப்பந்தத்தைப் பிரித்துப் படித்தது. வட்டி தரும் கணக்கில் போட்ட காயினின் உரிமை கம்பெனிக்கே என்று அதில் எழுதியிருந்தது. சுமார் 6 லட்சம் கணக்குகள், 420 கோடி டாலர். அத்தனை பேரும் அடமானமில்லாக் கடன் கொடுத்தவர்கள் ஆனார்கள். நாம யாருமே படிக்காம 'சம்மதம்' அமுக்குற அந்த ஒப்பந்தம்தான்!