பரிசை வேண்டாம் என்ற வீராங்கனை

உங்களுக்கு ஒரு பரிசு கொடுத்தால் வாங்கிக் கொள்வீர்களா, வேண்டாம் என்பீர்களா? "யாராவது பரிசை வேண்டாம் என்பார்களா?" என்று சிரிக்கிறீர்கள், இல்லையா? கனடா நாட்டில் ஒருவர் அப்படிச் சொன்னார். அவர் பெயர் ஷாந்தால் பெத்திக்ளேர். சக்கர நாற்காலிப் பந்தய வீராங்கனை. ஏன் வேண்டாம் என்றார்? முதலில் அவர் கதையைக் கேளுங்கள்.

கடைசியாக வந்தவர்

ஷாந்தால் 1969-ஆம் ஆண்டு கனடாவின் கியூபெக் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். 13 வயதில் (உங்களில் சிலருக்கு இப்போது அந்த வயதுதான்!) ஒரு பண்ணையில் கொட்டகையின் கனமான கதவு அவர் மேல் விழுந்தது. முதுகுத்தண்டில் அடி. அதன்பின் கால்கள் இயங்கவில்லை.

பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு ஓடியாட முடியவில்லை. ஆனால் உடற்பயிற்சி ஆசிரியர் அவரைச் சும்மா உட்கார வைக்கவில்லை. நீச்சல் கற்றுக் கொடுத்தார். நீந்த நீந்தத் தோள்களும் கைகளும் உரமேறின. 18 வயதில் ஒரு பயிற்சியாளர் சக்கர நாற்காலிப் பந்தயத்தை அறிமுகப்படுத்தினார். முதல் போட்டிக்குச் சொந்தமாகச் செய்த நாற்காலியில் போனார் ஷாந்தால். எத்தனையாவதாக வந்தார் தெரியுமா? கடைசி! ஆனாலும் பந்தயம் அவருக்குப் பிடித்துப் போயிற்று.

அது என்ன நாற்காலி?

மருத்துவமனையில் நாம் பார்க்கும் நாற்காலி அல்ல அது. பந்தய நாற்காலிக்கு மூன்று சக்கரங்கள். பின்னால் இரண்டு பெரியவை. முன்னால் நீண்ட தண்டின் நுனியில் சிறியது ஒன்று. பெரிய சக்கரங்களின் பக்கவாட்டில் ஒரு வளையம் இருக்கும். அதைப் பிடித்துச் சுழற்ற நேரம் ஏது? கெட்டியான கையுறை அணிந்த கைகளால் வளையத்தை அடித்து அடித்துத் தள்ள வேண்டும்.

வளைவு வந்தால்? முன்சக்கரத்தோடு ஒரு சிறு கருவி இணைந்திருக்கும். அதை ஒரு தட்டுத் தட்டினால் சக்கரம் வளைவுக்கு ஏற்றபடி திரும்பி நிற்கும். நேர்ப்பாதை வந்ததும் மறுபடி ஒரு தட்டு. வலிமை மட்டுமல்ல, கணக்கும் தேவைப்படும் விளையாட்டு இது!

பதக்க மழை

1992-இல் பார்சிலோனா பாராலிம்பிக் போட்டியில் ஷாந்தாலுக்கு 2 வெண்கலம். 1996-இல் அட்லாண்டாவில் 2 தங்கம், 3 வெள்ளி. 2000-இல் சிட்னியில் 2 தங்கம், 2 வெள்ளி. 2004-இல் ஏதென்ஸில் 100, 200, 400, 800, 1500 மீட்டர் ஆகிய ஐந்து பந்தயங்களிலும் தங்கம்! குறுகிய தூரத்திலும் நீண்ட தூரத்திலும் ஒருவரே வெல்வது எவ்வளவு அரிது என்று உங்கள் விளையாட்டு ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

அதே ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் சக்கர நாற்காலிப் பந்தயம் காட்சிப் போட்டியாக நடந்தது. அதிலும் அவரே முதல். ஆனால் காட்சிப் போட்டி என்பதால் அந்த வெற்றி பதக்கப் பட்டியலில் சேரவில்லை.

"வேண்டாம்!"

அந்த ஆண்டின் சிறந்த தடகள வீராங்கனை விருதுக்குக் கனடாவின் தடகள அமைப்பு இருவரைத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் ஷாந்தால். மற்றவர் தடை ஓட்ட வீராங்கனை பெர்டிடா ஃபெலிசியன். இவர் 2003-இல் உலக சாம்பியன். ஆனால் ஏதென்ஸ் இறுதிப் பந்தயத்தில் முதல் தடையிலேயே இடறி விழுந்துவிட்டார்.

ஷாந்தால் விருதை மறுத்தார். அவர் சண்டை ஃபெலிசியனோடு அல்ல. ஐந்து தங்கம் வென்றும் பாதி விருதுதான் என்றால், பாராலிம்பிக் தங்கத்துக்கு எடை குறைவு என்றல்லவா பொருள்? அதைத்தான் அவர் ஏற்கவில்லை.

மறுத்ததோடு ஓய்ந்துவிடவில்லை. 2008-இல் பெய்ஜிங் நகரில், 38 வயதில், அதே ஐந்து பந்தயங்களிலும் மீண்டும் தங்கம் வென்றார்! பாராலிம்பிக் பதக்கங்கள் மொத்தம் 21. அவற்றில் 14 தங்கம். அந்த ஆண்டு, எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துக் கனடாவின் தலைசிறந்த வீரருக்கு அப்போது தரப்பட்டு வந்த லூ மார்ஷ் கோப்பை அவரைத் தேடி வந்தது. இம்முறை பங்கு இல்லை; முழுவதும் அவருக்கே! 2016-இல் கனடா நாடாளுமன்ற மேலவையின் உறுப்பினராகவும் நியமிக்கப்பட்டார்.

குழந்தைகளே! அடுத்த முறை தொலைக்காட்சியில் சக்கர நாற்காலிப் பந்தயம் பார்த்தால் "ஐயோ, பாவம்" என்று சொல்லாதீர்கள். "எத்தனை விநாடி?" என்று கேளுங்கள். ஒரு விளையாட்டு வீரருக்கு நாம் தரும் மரியாதை அதுதான்.