கருவியும் கணினியும் பேச மறுக்கும்போது

மருதமுனையில் தறியின் முன் அமர்ந்திருக்கும் நெசவாளர் ஒருவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாவில் ஓர் இழை அறுந்துவிட்டால் அவர் தறியைப் பிரித்துப் போடுவதில்லை. தறியை நிறுத்துகின்றார், அறுந்த முனை எங்கே என்று கண்ணாலும் விரலாலும் தேடுகின்றார், கண்டபின் அதனை முடிந்துவிட்டு மீண்டும் நெய்யத் தொடங்குகின்றார். பழுது எங்கே என்று அறியுமுன் எதனையும் மாற்றலாகாது என்னும் இந்த ஒழுக்கம், நெசவுக்கு மட்டுமன்றி வேறொரு தொழிலுக்கும் பொருந்தும். அதுபற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள நம் கரையோர ஊர்களில், மின்னணுவியலில் நாட்டங்கொண்ட மாணவர்கள் பலர் உள்ளனர். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமும் இயங்குகின்றது. பொழுதுபோக்காகக் கருவி செய்வதை வீண்வேலை என்று எண்ணும் பெற்றோர்க்கு ஒரு செய்தி கூறுவேன். இலங்கையில் ஒலிபரப்பு 1925 டிசெம்பர் 16 ஆந் திகதி தொடங்கிற்று. அதற்கு முன்னர், தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் என்பவர், பிடிபட்ட ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிப் பகுதிகளைக் கொண்டு அமைத்த ஒலிபரப்பியால் கொழும்பில் பரிசோதனைகள் நடத்தினார். ஆர்வலர்களைக் கூட்டி வானொலிக் கழகம் ஒன்றையும் அவர் அமைத்தார். இன்று நீங்கள் கேட்கும் ஒலிபரப்பின் வேர், அத்தகைய ஆர்வலரின் மேசையிலேதான் இருக்கின்றது.

இன்றைய ஆர்வலரின் மேசையில் இருப்பவை யாவை? ஆர்டுயினோ என்னும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று. மின்னலையின் வடிவைக் காட்டும் அலைவுகாட்டி ஒன்று. எண்முறைச் சமிக்ஞைகளைப் பதிவு செய்யும் லொஜிக் அனலைசர் ஒன்று. மலிவான இச்சோதனைக் கருவிகள் பலவற்றுக்குத் திரை இல்லை. கணினியின் திரையே அவற்றுக்கு முகம். ஆகவே கணினியோடு உள்ள தொடர்பு அறுந்தால், கருவி குருடாகிவிடுகின்றது. அப்போது மாணவன் செய்வது யாது? கருவி பழுது என்று முடிவு கட்டுகின்றான். பல மாதம் சேர்த்த பணத்தில் வாங்கியதைப் பெட்டியில் போட்டு மூடுகின்றான். பெரும்பாலும் கருவியில் பழுதே இருப்பதில்லை.

இக்கருவிகள் யாவும் யூ.எஸ்.பி. என்னும் இணைப்பு முறையைப் பயன்படுத்துகின்றன. இம்முறையின் முதல் விதிகள் 1996 இல் வெளிவந்தன. அதனை உருவாக்கியவர்களுள் முதன்மையானவர், குஜராத்தின் வடோதராவிற் பிறந்து இன்டெல் நிறுவனத்திற் பணியாற்றிய அஜய் பட். பழைய யூ.எஸ்.பி. கம்பியினுள் நான்கு இழைகள் உள்ளன. சிவப்பு 5 வோல்ற் மின்னழுத்தத்தைக் கொண்டுசெல்லும்; கறுப்பு நிலமுனை. வெள்ளையும் பச்சையும் செய்தியைக் கொண்டுசெல்வன. இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொண்டால், தேடவேண்டிய இடங்கள் தாமே தெளிவாகும்.

முதலிற் பார்க்கவேண்டியது கம்பி. தொலைபேசிக்கு மின்னேற்றுவதற்கென விற்கப்படும் கம்பிகள் சிலவற்றில் வெள்ளையும் பச்சையும் இல்லை. கருவியில் விளக்கு எரியும். ஆனால் கணினி அதனை அறியாது. விளக்கு எரிவதைக் கண்டு, கம்பி நல்லது என்று எண்ணி ஏமாறுவோர் பலர். அதே கம்பியால் தொலைபேசியிலுள்ள படம் ஒன்றைக் கணினிக்கு மாற்ற முடிகின்றதா என்று பாருங்கள். முடிந்தால் கம்பி குற்றமற்றது. கம்பி நீண்டாலும் தொல்லையுண்டு. 5 மீற்றருக்கு மேற்பட்ட கம்பியை நம்பலாகாது.

இரண்டாவது, கணினியின் செருகுவாய். கருவியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு மவுசைச் செருகுங்கள். அது இயங்கினால் செருகுவாய் நன்று. அடுத்து மின்வலுவை எண்ணவேண்டும். சாதாரண யூ.எஸ்.பி. 2.0 செருகுவாய், கருவியை அறிந்து ஏற்றுக்கொண்டபின் 500 மில்லியம்பியர் வரை மின்னோட்டம் தரும். அதற்குமுன் 100 மில்லியம்பியரே. சிறு மோட்டர் ஒன்றையும் அதே பலகையிலிருந்து ஓட்டினால், மோட்டர் புறப்படும் கணத்தில் மின்னழுத்தம் வீழ்ந்து கருவி மறைந்துவிடும். தோன்றுவதும் மறைவதுமாகக் கருவி இருந்தால், சோதனைச் சுற்றைக் கழற்றிவிட்டுக் கருவியை மட்டும் தனியே இணைத்துப் பாருங்கள். கருவி நிலைத்து நின்றால், குற்றம் சுற்றின் பக்கத்தில் இருக்கின்றது.

மூன்றாவது, அறிமுகம். கருவியைச் செருகியவுடன் கணினி அதனைப் பார்த்து, ‘நீ யார்?’ என்று கேட்கின்றது. கருவி இரண்டு எண்களைக் கூறுகின்றது. ஒன்று ஆக்கியோனின் எண். மற்றது பொருளின் எண். இவற்றுக்குரிய டிரைவர், அதாவது இயக்கு மென்பொருள், கணினியில் இருந்தால்தான் உரையாடல் தொடங்கும். விண்டோஸ் கணினியில் ‘டிவைஸ் மனேஜர்’ என்னும் பக்கத்தைத் திறந்துவைத்து, கருவியைச் செருகியும் கழற்றியும் பாருங்கள். பட்டியலில் எந்த மாற்றமுமே இல்லையாயின் கம்பிக்கோ செருகுவாய்க்கோ திரும்புங்கள். மஞ்சட் குறியோடு ஒரு பெயர் தோன்றினால், கம்பி தன் கடமையைச் செய்துவிட்டது, இல்லாதது டிரைவரே. மலிவான ஆர்டுயினோ பலகைகள் பலவற்றில் சி.எச். 340 என்னும் சில்லு இருக்கும். அதற்குரிய டிரைவரை நிறுவியதும் பலகை உயிர்பெறுவதைக் காணலாம்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்று நிகழ்ச்சியும் நினைவுகூரத் தக்கது. 2014 ஒக்டோபரில், ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த எப்.டி.டி.ஐ. நிறுவனத்தின் புதிய டிரைவர், விண்டோஸ் புதுப்பிப்பு வழியாகப் பரவிற்று. அந்நிறுவனத்தின் சில்லைப் போலச் செய்யப்பட்ட போலிச் சில்லுகளில், பொருளின் எண்ணை அது பூச்சியமாக மாற்றிவிட்டது. நேற்றுவரை இயங்கிய கருவிகள் மறுநாள் கணினிக்கு அந்நியமாயின. தாம் வாங்கியது போலியென்று அறியாதவர்களே இதனால் துன்புற்றனர். கண்டனம் எழவே, சில நாட்களில் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. கருவியில் ஒரு கம்பியும் அறாமலே தொடர்பு அறலாம் என்பதற்கு இது சான்று.

லொஜிக் அனலைசர் சிலவற்றின் இயல்பு வேறு. அவற்றின் நினைவகத்தில் முழு நிரல் இருப்பதில்லை. மென்பொருள் கணினியிலிருந்து நிரலை அனுப்பியபின், கருவி ஒரு கணம் மறைந்து புதிய எண்களோடு மீண்டும் தோன்றும். முதன்முறை காண்போர் இதனைப் பழுது என்று எண்ணி அஞ்சுவர். அஞ்சத் தேவையில்லை. ஆனால் இரண்டாம் முறை தோன்றும் எண்களுக்கும் டிரைவர் பொருத்தப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும்.

நான்காவது, உரையாடல். கருவி அறியப்பட்ட பின்னரும் செய்தி வராதிருக்கலாம். தொடர்போர்ட்டு ஒன்றை ஒரு வேளையில் ஒரு மென்பொருளே பயன்படுத்தலாம் என்பது பொது விதி. ஆகவே முன்னர் திறந்த சாளரம் மூடப்பட்டதா என்று பாருங்கள். லினக்ஸ் கணினியாயின், பயனர்க்கு அனுமதி உண்டா என்று கவனியுங்கள். பொருளற்ற எழுத்துகள் திரையில் வந்து குவிந்தால் வேகத்தை ஒப்பிடுங்கள். கருவி நொடிக்கு 9600 என்ற வேகத்தில் அனுப்ப, கணினி 115200 என்ற வேகத்திற் படித்தால் எழுத்துகள் குழம்பும். அலைவரிசை சற்றே விலகினால் வானொலியில் இரைச்சல் கேட்பதை நேயர்கள் அறிவீர்கள். இதுவும் அதனோடு ஒத்ததே.

நம் கரைக்கே உரிய எதிரி ஒன்றும் உண்டு. அது உப்புக்காற்று. வடகீழ்ப் பருவமழைக் காலத்தின் ஈரமும் கடலின் உப்பும் சேர்ந்து, செம்பில் களிம்பையும் இரும்பில் துருவையும் ஏற்றுகின்றன. கச்சான் காற்று வீசுங்காலத்தில் புழுதி செருகுவாயில் அடைகின்றது. செருகியைச் சற்று அசைத்தால் இயங்குகின்றது, விட்டால் நிற்கின்றது என்னும் குறி தோன்றினால் இதனை ஐயுறுங்கள். மின்சாரத்தைத் துண்டித்தபின், ஐசோபுரோப்பைல் அற்ககோலால் முனைகளைத் துடைத்து, நன்கு உலரவிடுங்கள். பயன்படுத்தாத வேளையில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதியோடு மூடியுள்ள பெட்டியில் கருவியை வையுங்கள்.

இறுதியாகக் கூறப்போவது உயிரோடு தொடர்புடையது. அலைவுகாட்டியின் சோதனைக் கம்பியில் ஒரு கூர்முனையும் ஒரு கவ்வியும் உண்டு. மலிவான யூ.எஸ்.பி. அலைவுகாட்டிகள் பெரும்பாலானவற்றில், அக்கவ்வி கணினியின் நிலமுனையோடு நேரே இணைந்துள்ளது. மேசைக் கணினியின் நிலமுனையோ வீட்டின் புவித்தொடுப்போடு இணைந்துள்ளது. வீட்டு மின்சாரம் 230 வோல்ற். அதன் உயிர்க்கம்பியில் இக்கவ்வியைப் பொருத்தினால், பெரு மின்னோட்டம் கருவி வழியாகவும் கணினி வழியாகவும் பாய்ந்து இரண்டையும் எரித்துவிடும். மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினியாயின் ஆபத்து நீங்கிவிடும் என்று எண்ணுவதும் தவறு. அப்போது கணினியின் உலோகப் பகுதிகளிலேயே 230 வோல்ற் நிற்கும், தொடுபவர் உயிரிழக்க நேரும். ஆகவே இக்கருவிகளை மின்கலத்தில் இயங்கும் சிறு சுற்றுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரே தொடும் எந்தச் சுற்றிலும் பொருத்தாதீர்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள ஒரே கணினியைப் பிள்ளை கெடுத்துவிடுவான் என்ற அச்சம் நியாயமானதே. தடுப்பதைவிட, இந்த ஒரு விதியை அவன் அறிவானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்வது பயன் தரும். அவனிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றி, மாற்றியதையும் விளைந்ததையும் அவன் எழுதிவரட்டும். கம்பி, செருகுவாய், டிரைவர், வேகம் என்று வரிசையாகத் தேடப் பழகிய பிள்ளை, நாளை ஒரு மருத்துவமனைக் கருவியின் முன் நின்றாலும் அதே வரிசையில் தேடுவான். அறுந்த இழையின் முனையைக் கண்டவனுக்கு, அதனை முடிவது அரிதன்று.