விமானத் தொலைவும் பயண நேரமும்

கோலார் தங்கச் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்ட பின், தங்கவயல் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகள் வெளியூர்களில் வாழ்கின்றனர். சென்னையில் உறவினர் ஒருவர் நோயுற்றார் எனச் செய்தி வந்தால், விமானமே விரைவானது என எண்ணுகிறோம். சற்றே கணக்கிடுவோம்.

பெங்களூரு–சென்னை வான்வழித் தொலைவு ஏறத்தாழ 270 கி.மீ. மணிக்கு 800 கி.மீ. வேகத்திற்கு 20 நிமிடமே போதும். ஆயினும் கால அட்டவணை ஏறத்தாழ 1 மணி நேரம் காட்டுகிறது. ஓடுபாதையை அடையும்போதும், மேலேறும்போதும், இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் செல்வதில்லை. டெல்லி ஏறத்தாழ 1,700 கி.மீ.; தொலைவு ஆறு மடங்கு, நேரமோ ஏறத்தாழ மூன்று மடங்கே. நெடுந்தொலைவிலேயே விமானத்தின் பயன் மிகுதி.

நமக்கோ தேவனஹள்ளி விமான நிலையம் சென்னைக்கு எதிர்த்திசையில் உள்ளது. சாலைவழி 2 மணி, முன்கூட்டிச் செல்ல 2 மணி, பறக்க 1 மணி, சென்னையில் வெளியேற அரை மணி; ஆக ஐந்தரை மணி நேரம். பங்காருப்பேட்டை சென்று விரைவு ரயில் ஏறினாலும் ஏறத்தாழ அதே நேரமே. கட்டணமோ மிகக் குறைவு.

ஆகவே பயணச்சீட்டுக்குப் பணம் செலுத்துமுன், வீட்டிலிருந்து புறப்பட்டுச் சேருமிடம் அடையும் வரையிலான முழு நேரத்தையும், அடுத்த ரயிலின் நேரத்தையும் கணக்கில் கொள்வது நன்று.