கறுப்பு பிளாஸ்டிக்கை யார் பிரிப்பது?

மும்பை தாராவியின் 13ஆம் காம்பவுண்டில் உடைந்த வாளி, எண்ணெய் கேன், டிவி ஓடு எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்குகின்றன. பிரிக்கும் தொழிலாளர்கள் ஒவ்வொரு துண்டையும் சுண்டி ஓசை கேட்கிறார்கள், வளைத்துப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஒரு முனையைக் கொளுத்தி முகர்ந்து பார்ப்பதும் உண்டு. அடுத்தது தண்ணீர்த் தொட்டி. பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும்; பெட், பிவிசி மூழ்கும். தண்ணீரைவிடச் சற்றே கனமான பாலிஸ்டைரீனை, உப்பைக் கரைத்து நீரின் அடர்த்தியைக் கூட்டினால் மிதக்க வைத்துவிடலாம். இப்படிப் பிரித்ததை அரைத்து, கழுவி, கூரைமேல் காயவைத்து, உருக்கி, சிறு மணிகளாக்குகிறார்கள்.

பெரிய ஆலைகளில் இதே வேலையை அகச்சிவப்புக் கருவி செய்கிறது. ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒளியின் வெவ்வேறு அலைநீளங்களை உறிஞ்சுகிறது. திரும்பி வரும் ஒளியைப் படித்து, கணினி அதன் வகையைச் சொல்லிவிடும். ஆனால் கறுப்பு நிறத்துக்காகச் சேர்க்கப்படும் கார்பன் தூள் அந்த ஒளியைக் கிட்டத்தட்ட முழுவதும் விழுங்கிவிடுவதால், சாதாரணக் கருவிகள் கறுப்புத் துண்டுகளில் திணறுகின்றன. விரலுக்கும் காதுக்கும் நிறம் ஒரு தடையே இல்லை.

இந்தத் திறமைக்கு இன்று பெருநிறுவனங்களின் கணக்கேட்டிலும் மதிப்பு வந்திருக்கிறது. 2022 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, பொட்டலப் பிளாஸ்டிக்கைச் சந்தையில் விடும் நிறுவனங்கள் அதன் மறுசுழற்சிக்கும் பொறுப்பேற்க வேண்டும். கெட்டியான பிளாஸ்டிக் பொட்டலங்களில் மறுசுழற்சிப் பொருளின் பங்கு 2025-26இல் 30 சதவீதம், 2028-29இல் 60 சதவீதம் என்பது இலக்கு. முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள் கழிவு மேலாண்மை உள்ளிட்ட விவரங்களை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்கிறது பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி. அதன் தலைமையகம் இருக்கும் பாந்த்ரா-குர்லா வளாகம், மித்தி ஆற்றுக்கு அப்பால், தாராவிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆனால் நிறுவனங்கள் இந்தப் பொறுப்பை நிறைவேற்றியதற்குக் காட்டும் மறுசுழற்சிச் சான்றிதழைப் பதிவு பெற்ற ஆலைதான் தர முடியும். பதிவில்லாத சிறு பட்டறை கைமாற்றிய பொருள், பெரிய ஆலையின் வாசலில்தான் முதன்முதலாகக் கணக்கில் ஏறுகிறது. அதற்கு முன் உழைத்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் ஏறும் கணக்கும் தானாக உண்மையாகிவிடாது: 2023இல் வாரியத்தின் தணிக்கையில் 6 லட்சம் அளவுக்குப் போலிச் சான்றிதழ்கள் பிடிபட்டன.

நிறுவனங்களின் முதலீடு சங்கிலியின் முதல் கண்ணிக்கு வர வேண்டும். மூட்டையை எடைபோட்டதும் க்யூஆர் குறியீடு ஒட்டினால், கணக்கு தாராவியிலேயே தொடங்கும். கையடக்க அகச்சிவப்புக் கருவி இருந்தால் பெரும்பாலான துண்டுகளைக் கொளுத்த வேண்டாம். பிவிசி எரியும்போது வரும் ஹைட்ரஜன் குளோரைடு நுரையீரலைத் தாக்கும் வாயு. கழுவிய நீரைச் சுத்திகரிக்கவும் உருக்கும் புகையை உறிஞ்சவும் பொது நிலையம் அமைத்து, பட்டறைகள் கூட்டாகப் பதிவு பெறலாம்; கறுப்புத் துண்டுகளைப் பிரிக்கும் தொழிலாளர்களின் கைகளிடமே விடலாம்.

தாராவியை இடித்துக் கட்டும் திட்டம் நகர்ந்துகொண்டிருக்கிறது. வரைபடத்தில் இந்தத் தொழிலுக்கு இடம் ஒதுக்கக் கேட்க வேண்டிய நேரம் இதுதான். மறுசுழற்சிக்குப் பணம் ஒதுக்கும் நிறுவனங்களும் அந்தக் கோரிக்கையில் கையெழுத்திட வேண்டும். அவர்களுக்கு வேண்டிய மூலப்பொருளைத் தரம் பிரிப்பவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.