ஒரு சங்கிலி, பல கைகள்

பற்றாக்குறை என்னும் கருத்தைக் கல்லூரியில் வரைபடங்களால் விளக்கியவன் நான். மாண்டிசோரி தொடக்க வகுப்பொன்றில் ஒரு வாரம் அமர்ந்திருந்தபோது அதை நேரில் கண்டேன்.

அங்கே கருவிகள் பெரும்பாலும் ஒவ்வொன்றே உள்ளன. ஆயிரம் மணிகள் கோத்த சங்கிலியைத் தரையில் விரித்து ஒரு சிறுமி எண்ணத் தொடங்கினால், அவள் திருப்பி வைக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். அல்லது வேறு பணியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திங்களன்று குழந்தைகளே வாரத் திட்டம் எழுதுகின்றனர். விடுபட்டவற்றை வெள்ளியன்று ஆசிரியரோடு ஆராய்கின்றனர்.

1939-இல் சென்னைக்கு வந்த மரியா மாண்டிசோரி, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கித் தொடக்கக் கல்விக்கான தம் முறையை விரிவாக்கினார். அம்முறை இன்று கட்டணம் செலுத்த இயன்றோருக்கே பெரிதும் எட்டுகிறது. ஆனால், வாரத் திட்டம் எழுத ஒரு குறிப்பேடு போதும். அரசுப் பள்ளிகள் அங்கிருந்தேனும் தொடங்கலாமே!