கட்டுவிரியன் கடித்தால் மூச்சு நிற்பது ஏன்? பெங்களூரு விஞ்ஞானிகளின் 'போலி வாசல்' என்ன செய்யும்?

இரவில் தரையில் பாய் விரித்துத் தூங்குகிறார் ஒருவர். நடுராத்திரியில் ஏதோ சுருக்கென்று குத்துகிறது. "எறும்பா இருக்கும்" என்று திரும்பிப் படுத்துவிடுகிறார். விடியும்போது வயிறு வலிக்கிறது. கண் இமைகளைத் தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. பிறகு மூச்சுத் திணறல். ஆனால் உடம்பில் வீக்கமும் இல்லை, கடித்த இடத்தில் பெரிய வலியும் இல்லை.

கட்டுவிரியன் கடியில் அடிக்கடி நடப்பது இதுதான். இவ்வளவு சத்தமில்லாமல் ஒரு விஷம் எப்படி மூச்சை நிறுத்துகிறது? அதைப் புரிந்துகொள்ள, நரம்பு செல்களில் இருக்கும் 'அயனி சேனல்' என்ற நுண்ணிய வாசல்களைப் பார்க்க வேண்டும்.

நரம்பில் மின்சாரம் எப்படி ஓடுகிறது?

ஒவ்வொரு நரம்பு செல்லையும் கொழுப்பாலான மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. சோடியம், பொட்டாசியம் போன்றவை நம் உடலில் மின்னேற்றம் கொண்ட துகள்களாக, அதாவது அயனிகளாக உள்ளன. அவற்றால் கொழுப்புச் சவ்வைத் தாண்ட முடியாது. அவை போய்வர, புரதத்தால் ஆன துளைகள் இருக்கின்றன. அவைதான் அயனி சேனல்கள். சோடியத்துக்கு ஒரு வாசல், பொட்டாசியத்துக்கு வேறு வாசல். பெரும்பாலானவை எப்போதும் திறந்திருப்பதில்லை. சில, மின்னழுத்தம் மாறினால் திறக்கும். சில, குறிப்பிட்ட ரசாயனம் வந்து ஒட்டினால் மட்டுமே திறக்கும்.

சும்மா இருக்கும் நரம்பு செல்லின் உட்புறம், வெளியே இருப்பதைவிட சுமார் 70 மில்லிவோல்ட் குறைவான அழுத்தத்தில் இருக்கும். தூண்டல் வந்ததும் சோடியம் வாசல்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்ந்து அழுத்தத்தைத் தலைகீழாக்குகிறது. சுமார் ஒரு மில்லி விநாடியில் அந்த வாசல்கள் அடைபட, பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. அதற்குள் பக்கத்து வாசல்கள் திறந்துவிடும். இப்படி ஒன்றையடுத்து ஒன்றாகத் திறந்து மூடுவதுதான் 'நரம்புச் செய்தி'. ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு விஞ்ஞானிகள் கணவாயின் தடித்த நரம்பை வைத்து 1952இல் இதை விளக்கினார்கள். 1963இல் நோபல் பரிசும் பெற்றார்கள்.

விஷம் எங்கே கை வைக்கிறது?

நரம்பு நேராகத் தசையைத் தொடுவதில்லை. நடுவே மிகச் சிறிய இடைவெளி இருக்கிறது. செய்தி நரம்பின் முனைக்கு வந்ததும் அங்குள்ள கால்சியம் வாசல்கள் திறக்கின்றன. உடனே அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் வெளியே வருகிறது. அது தசையில் உள்ள வாசலில் சாவி போலப் பொருந்த, வாசல் திறந்து தசை சுருங்குகிறது. மூச்சுவிட உதவும் உதரவிதானமும் இப்படித்தான் இயங்குகிறது.

கட்டுவிரியன், நாகப்பாம்பு விஷத்தில் உள்ள ஒரு வகை நச்சு, சாவி நுழைய வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசல் திறக்காது. மூளை கட்டளை அனுப்புகிறது, நரம்பும் கொண்டுவருகிறது, ஆனால் தசைக்குப் போய்ச் சேரவில்லை. இதயத் தசை இந்த வாசலை நம்பி இல்லை என்பதால் அது தொடர்ந்து துடிக்கும். அதனால்தான் வென்டிலேட்டர் கிடைத்தால் உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

கட்டுவிரியனிடம் இன்னொரு நச்சும் உண்டு. அது நரம்பின் முனையையே சிதைத்துவிடும். சிதைந்ததை விஷமுறிவு மருந்தால் சரிசெய்ய முடியாது. உடல் தானாகச் சரிசெய்துகொள்ள நாட்கள் ஆகும். மருந்து சீக்கிரம் போக வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

பெங்களூருவில் என்ன நடந்தது?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இப்போதுள்ள மருந்து, குதிரைகளுக்குச் சிறிதளவு விஷம் செலுத்தி அவற்றின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. உயிர்காக்கும் மருந்துதான் என்றாலும் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து, ஆய்வகத்தில் உருவாக்கிய ஒரு மனித ஆன்டிபாடியை 2024 பிப்ரவரியில் அறிவித்தன. அதன் பெயர் 95மேட்5. அதன் ஒரு பகுதி, தசையில் உள்ள வாசலைப் போலவே அமைந்திருக்கிறது. நச்சு உண்மையான வாசல் என்று நினைத்து இந்தப் போலி வாசலில் ஒட்டிக்கொள்ளும். எலிகளில் நடந்த சோதனையில், நாகப்பாம்பு, கட்டுவிரியன் வகைகளின் விஷத்திலிருந்து இது பாதுகாப்பு தந்தது.

ஆனால் இது ஒரு வகை நச்சை மட்டுமே தடுக்கும். நரம்பு முனையைச் சிதைக்கும் நச்சுக்கும், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷத்துக்கும் வேறு ஆன்டிபாடிகள் தேவை. பெயரில் 'விரியன்' இருந்தாலும் கட்டுவிரியன் உண்மையில் நாகப்பாம்பின் குடும்பம்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்?

புது மருந்து வரும்வரை காத்திருக்க முடியாது. தூங்கி எழுந்தவருக்கு இமை தொங்கினாலோ, காரணமில்லாமல் வயிறு வலித்து விழுங்க முடியாமல் போனாலோ, கடித்த தடம் இல்லாவிட்டாலும் பாம்புக்கடியைச் சந்தேகியுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். கடிபட்டவரை அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள். வென்டிலேட்டர் வசதியுள்ள மருத்துவமனையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலில், கொசுவலையை மெத்தைக்கடியில் செருகித் தூங்குவது கட்டுவிரியனிடமிருந்தும் காக்கும்.